சிவப்பு எண்ணும் தாளின் முதுகும்: அப்பல்லோ காலப் பிரின்ட்களைச் சேர்ப்பவர்களுக்கு

அப்பல்லோ பயணங்களில் நிலாவில் எடுத்த படங்களுக்குப் பஞ்சமே இல்லை. மூல ஃபிலிம் ஹூஸ்டனில் உறைநிலைக் குளிரில் பத்திரமாக இருக்கிறது. அதிலிருந்து எடுத்த உயர்தர ஸ்கேன்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாசா படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமைக் கட்டுப்பாடும் கிடையாது. அப்படியிருக்க, மங்கிப்போன ஒரு 8×10 அங்குலத் தாளுக்கு எதற்குக் காசு கொடுப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் பிடிபட்ட பிறகே வாங்கத் தொடங்க வேண்டும். நாம் சேர்ப்பது படத்தை அல்ல. அந்தப் படம் உலகுக்கு வந்த அதே மாதங்களில், அதே நெகட்டிவ் வரிசையிலிருந்து, அந்தக் காலத்துத் தாளில் போட்ட பிரின்ட்டை. அதனால் இந்தச் சேகரிப்பில் படத்தின் முகத்தைவிட முதுகுக்குத்தான் மதிப்பு அதிகம். முன்பக்கத்தை மட்டும் காட்டி விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

முதலில் எண். அப்பல்லோ கால நாசா வண்ணப் பிரின்ட்களில் வெள்ளை ஓரத்தின் மேல் இடது மூலையில் சிவப்பு எழுத்தில் எண் இருக்கும். கருப்பு வெள்ளைப் பிரின்ட்டில் அது கருப்பாக இருக்கும். சேகரிப்பவர்கள் ‘சிவப்பு எண் பிரின்ட்’ என்று சொல்வது இதைத்தான். ஏஎஸ்11-40-5903 என்பதை உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏஎஸ் என்பது அப்பல்லோ-சாட்டர்னைக் குறிக்கும். 11 பயணத்தின் எண், 40 ஃபிலிம் மேகசின் (கேமராவில் மாட்டும் ஃபிலிம் பெட்டி), 5903 ஃபிரேம். மேகசின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை; ஒரு பயணம் விட்ட இடத்திலிருந்து அடுத்தது தொடரும். அப்பல்லோ 8-இன் பூமி உதயம் ஏஎஸ்08-14-2383. வீரர் ஆலன் பீனின் தலைக்கவசத்தில் சக வீரர் கான்ராட் தெரியும் அப்பல்லோ 12 படம் ஏஎஸ்12-49-7278. ‘நீலக் கோலிக்குண்டு’ என்று பெயர் வாங்கிய அப்பல்லோ 17-இன் பூமிப் படம் ஏஎஸ்17-148-22727. இந்த ஏறுவரிசை மனதில் பதிந்துவிட்டால், ‘அப்பல்லோ 16’ என்று எழுதி 5000-களில் எண் போட்ட தாளைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். பாதித் தவறுகள் விற்பவரின் அறியாமையால் வருபவை. ஏமாற்று என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

எல்லா எண்ணும் ஏஎஸ் வரிசையில் வராது. எஸ்69-31739 போன்றவை ஹூஸ்டன் மையத்தின் வரிசை. 69 என்பது ஆண்டு. இந்தக் குறிப்பிட்ட எண் ஆர்ம்ஸ்ட்ராங், காலின்ஸ், ஆல்ட்ரின் மூவரும் விண்வெளி உடையில் இருக்கும் குழுப் படத்துக்கு உரியது. 69-எச்சி என்று தொடங்கினால் வாஷிங்டன் தலைமையகம் வெளியிட்ட வண்ணப் படம். சி இல்லாமல் 69-எச் என்றிருந்தால் கருப்பு வெள்ளை. கேஎஸ்சி என்றால் கென்னடி மையம். பெரும்பாலும் ராக்கெட் கிளம்பும் படங்கள். ஒரே படம் ஏஎஸ் எண்ணிலும் எச்சி எண்ணிலும் வெளிவந்திருக்கும். இரண்டுமே அந்தக் காலத்தவை என்றாலும், சந்தையில் ஏஎஸ் சிவப்பு எண்ணுக்கே முன்னுரிமை.

இப்போது தாளைத் திருப்புங்கள். கோடக் தாளின் பின்புறத்தில் வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். சேகரிப்பவர்கள் இதை வாட்டர்மார்க் என்பார்கள். உண்மையில் இது அச்சு. ‘எ கோடக் பேப்பர்’ என்றிருந்தால் நல்ல அறிகுறி. அப்பல்லோ 8, 11, 12 காலப் பிரின்ட்களில் பெரும்பாலும் வருவது இதுதான். ‘திஸ் பேப்பர் மேனுஃபாக்சர்ட் பை கோடக்’ என்பது 1970-களின் தொடக்கத்தில் பரவலானது. அப்பல்லோ 16, 17 படத்துக்கு அது இயல்பு. அதே வாசகம் அப்பல்லோ 11 படத்தின் பின்னால் இருந்தால் சில ஆண்டுகள் கழித்துப் போட்ட பிரின்ட்டாக இருக்கலாம். அதுவும் பழையதுதான், ஆனால் முதல் வெளியீட்டின் விலை அதற்குத் தகாது. ‘ஃபூஜிகலர் கிரிஸ்டல் ஆர்க்கைவ்’, ‘கோடக் ராயல்’, ‘எண்டுரா’ என்றெல்லாம் பார்த்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவை எல்லாம் நிலாப் பயணங்கள் முடிந்து வெகுகாலம் கழித்து வந்த தாள்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. பின்புற வாசகம் தாளின் வயதைத்தான் சொல்லும், பிரின்ட்டின் வயதை அல்ல. ஆய்வகங்கள் பழைய இருப்பைத் தீர்க்கும்வரை பயன்படுத்தின. கோடக் ஒரே நாளில் எழுத்தை மாற்றிவிடவும் இல்லை. எண், தாள், பின்புறத்து ஊதா மை விளக்கக் குறிப்பு, முத்திரை ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே சரியான முறை. ஒற்றை அடையாளத்தை நம்பி ‘அசல்’ என்று தீர்ப்புச் சொல்பவர்களின் பேச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம்.

தாளின் வயதைக் கண்டுபிடிக்கப் புற ஊதா விளக்கு வாங்கச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். அப்பல்லோ பிரின்ட்டுக்கு அது உதவாது. தாளை வெள்ளையாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் 1950-களிலேயே புகைப்படத் தாளில் சேரத் தொடங்கிவிட்டன. 1969-ஆம் ஆண்டுத் தாளும் ஒளிரும், நேற்றைய தாளும் ஒளிரும். அந்தக் காசுக்கு 10 மடங்கு பெரிதாக்கும் ஒரு லூப் வாங்குங்கள். லூப்பை வானத்தின் கருமையிலோ முழு வெள்ளையிலோ வைக்காமல், நிலா மண்ணின் நடுச் சாம்பல் பகுதியில் வையுங்கள். அசல் வண்ணப் பிரின்ட்டில் புள்ளி எதுவும் தெரியாது. சாயம் மேகம்போல் தொடர்ச்சியாக இருக்கும். பூப்போல ஒழுங்காக அடுக்கிய வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் அச்சு. மணல் தூவியதுபோல் ஒழுங்கில்லாமல் சிதறியிருந்தால் இங்க்ஜெட். பிறகு லூப்பைச் சிவப்பு எண்ணின் மேல் வையுங்கள். படம் பழையதாக இருந்து எண் மட்டும் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால், எண்ணை யாரோ பின்னால் சேர்த்திருக்கிறார்கள்.

ஆஃப்செட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நாசா பள்ளிகளுக்கும் கடிதம் எழுதியவர்களுக்கும் இலவசமாக அனுப்பிய லித்தோகிராஃப்கள், அதாவது ஆஃப்செட்டில் அச்சிட்ட படங்கள், ஏராளம். வெள்ளை விண்வெளி உடையில் வீரர் சிரிக்கும் படங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். பளபளப்பான தாள், பின்னால் வாழ்க்கைக் குறிப்பு, பல சமயம் அடியில் அமெரிக்க அரசு அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில். அவையும் சேர்க்கத் தகுந்தவையே. புகைப்படம் என்று சொல்லி விற்றால்தான் சிக்கல். அதன் மேல் கையெழுத்து இருந்தால் இன்னும் கவனம். அந்தக் காலத்து வீரர்கள் பலருக்கு ஆட்டோபென் இயந்திரம் கையெழுத்துப் போட்டது. இரண்டு கையெழுத்துகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்கும்போது வளைவுக்கு வளைவு அச்சாகப் பொருந்தினால் அது மனிதக் கை அல்ல.

நிலாப் படங்களில் தெரியும் சிலுவைக் குறிகளைப் பற்றிப் பலருக்குக் குழப்பம். நிலாத் தரையில் பயன்படுத்திய ஹாசல்பிளாட் கேமராவில் ஃபிலிமுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு இருந்தது. அதில் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் 25 சிலுவைகள். நடுவில் இருப்பது மட்டும் சற்றுப் பெரியது. கலத்துக்குள்ளிருந்து எடுத்த படங்களுக்குப் பயன்பட்ட சாதாரண ஹாசல்பிளாட்டில் அந்தத் தகடு கிடையாது. ஆகவே பூமி உதயத்தில் சிலுவை இல்லை, நீலக் கோலிக்குண்டிலும் இல்லை. அதைக் காரணம் காட்டி விலை பேசுபவரும் உண்டு, போலி என்பவரும் உண்டு, இருவருமே தவறு. வெள்ளை வெளேரென்ற பொருளின் மேல் சிலுவை மறைந்துபோவதும் இயல்பு. வெளிச்சம் ஃபிலிமில் கசிந்து மெல்லிய கோட்டை விழுங்கிவிடும்.

5903 இந்தச் சிலுவைகளுக்கு நல்ல பாடம். ஆல்ட்ரின் நேராக நிற்க, கவசத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் தெரியும் அந்தப் படத்தின் மூல ஃபிரேமில் அடிவானம் சாய்ந்திருக்கும். ஆல்ட்ரினின் தலைக்கு மேல் இடமே இருக்காது. முதுகுப் பையின் ஆன்டெனா நுனி வெட்டுப்பட்டிருக்கும். வெளியீட்டுக்காகப் படத்தை நிமிர்த்தி, மேலே கருப்பு வானத்தைக் கூட்டினார்கள். கையில் உள்ள பிரின்ட்டில் நடுவிலுள்ள பெரிய சிலுவையைத் தேடுங்கள். மேலே வானம் கூட்டிய பிரின்ட்டில் அது படத்தின் சரிபாதியில் இராது, கீழே தள்ளி இருக்கும். தலைக்கு மேல் விசாலமான வானத்துடன் இருப்பதுதான் அன்றைக்கு மக்கள் பார்த்த வடிவம். இன்றைய ஸ்கேனிலிருந்து எடுத்த பிரின்ட்டாக இருந்தால் பல சமயம் மூல ஃபிரேம் அப்படியே, வெட்டுப்பட்ட ஆன்டெனாவுடன் வரும். ‘முழு ஃபிரேம், அதனால் இதுதான் அசல்’ என்ற வாதம் இங்கே தலைகீழாகிவிடுகிறது.

அதே மேகசினில் 5886 என்று ஒரு ஃபிரேம். கலத்தின் நிழலோரமாக, கேமராவுக்கு முதுகைக் காட்டி வேலை பார்க்கும் ஒரு வீரர். அவர்தான் ஆர்ம்ஸ்ட்ராங். நிலாத் தரையில் ஹாசல்பிளாட்டில் அவர் முழு உருவமாகப் பதிந்த ஒரே நல்ல படம் இதுதான். கேமரா பெரும்பாலும் அவர் கையிலேயே இருந்ததால் மற்ற படங்களில் எல்லாம் ஆல்ட்ரின். 5886-இல் இருப்பது யார் என்று வெகுகாலம் யாரும் பொருட்படுத்தவில்லை. செய்தியாளர்களுக்குத் தந்த தொகுப்பிலும் அது முக்கியமாக இடம்பெறவில்லை. பத்திரிகைகளுக்கு ஆயிரக்கணக்கில் போட்ட 5903-இன் பிரின்ட் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. அன்று யாரும் கேட்காத 5886-இன் பழைய பிரின்ட் அரிது. 2020-இல் கிறிஸ்டீஸ் லண்டனில் நடத்திய இணைய ஏலத்தில் அது முன்வரிசையில் இருந்ததற்குக் காரணம் இதுவே. படத்தின் புகழும் பிரின்ட்டின் அருமையும் வேறு வேறு. வெளியிடாத ஃபிரேம்களின் பழைய பிரின்ட்கள் விஞ்ஞானிகளுக்கும் ஒப்பந்த நிறுவனங்களுக்கும் கொடுத்த பிரதிகளிலிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன. கொடிக்கு வணக்கம் வைக்கும் படத்தை விட்டு, யாரும் திரும்பிப் பார்க்காத கல், பள்ளம், காலடித் தடம் இவற்றின் எண்களைக் குறித்துவைத்துத் தேடுபவருக்கு நல்ல பொருள் அகப்படும்.

தேதி முத்திரையும் பேசும். பத்திரிகை நிறுவனத்து அலமாரிகளிலிருந்து வெளிவந்த கருப்பு வெள்ளைப் பிரின்ட்களில் வெளியான நாளின் முத்திரை, பென்சிலில் வெட்டுக் குறி, ஒட்டிய செய்திக் குறிப்பு எல்லாம் இருக்கும். அப்பல்லோ 11 கடலில் இறங்கியது 1969 ஜூலை 24. ஃபிலிம் அதற்குப் பிறகுதான் ஹூஸ்டனுக்கு வந்து, நுண்ணுயிர் நீக்கும் வாயுவில் கிடந்து, கழுவப்பட்டது. ஆகவே ஜூலை 21 முத்திரையோடு நிலாத் தரைப் படம் ஒன்று வந்தால் அது தொலைக்காட்சித் திரையிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்க முடியும்: கோடுகள், பேய் உருவம்போல் மங்கல். அதே தேதியோடு கூர்மையான ஹாசல்பிளாட் படம் இருந்தால் முத்திரைக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை. கம்பி வழி அனுப்பிய படங்களில் லூப் வைத்தால் மெல்லிய இணைகோடுகள் தெரியும். அதைப் பழுதென்று எண்ண வேண்டாம்; அன்றைய செய்தி வந்த வழியே அதுதான்.

ஆளை அடையாளம் காண ஒரு குறிப்பு. அப்பல்லோ 13 முதல் தளபதியின் உடையில் சிவப்புப் பட்டைகள் சேர்த்தார்கள். 13 தரையிறங்கவில்லை என்பதால் நிலாத் தரைப் படங்களில் அவை 14 முதல்தான் தெரியும். 11, 12 படங்களில் இருவரும் ஒரே மாதிரி உடையில் இருப்பார்கள். விற்பவர் எழுதியிருக்கும் பெயரை மறுபடி சரிபார்ப்பது நல்லது.

நிறம்தான் இந்தச் சேகரிப்பின் தீராத தலைவலி. அந்தக் காலத்து வண்ணத் தாளின் சாயங்கள் இருட்டிலும் மங்கும். முதலில் போவது பெரும்பாலும் நீலப்பச்சைச் சாயம். அது போனதும் படம் முழுக்கச் சிவப்போ மெஜந்தாவோ ஏறி, வானத்தின் கருமை கருஞ்சிவப்பாகிவிடும். வெள்ளை ஓரமும் மஞ்சளாகும். ஒருமுறை போன சாயம் திரும்பாது. விற்பவரின் ஸ்கேனர் தானாகவே நிறத்தைச் சரிசெய்துவிடும் என்பதால் ஸ்கேனைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் வெள்ளை ஏ4 தாளை வைத்து, நான்கு ஓரமும் தெரிய செல்போனில் ஒரு படம் கேளுங்கள். கூடவே வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து இன்னொன்று. மடிப்பு, கீறல், விரல் ரேகை, பழைய ஆல்பத்தின் ஒட்டு எல்லாம் அதில்தான் வெளிப்படும். மூன்றாவது, முதுகு முழுவதும். நான்காவது, எண் நெருக்கத்தில். இந்த நாலும் தரத் தயங்குபவரிடம் பேரம் பேசுவதே வீண்.

புதிதாகத் தொடங்குபவர் கருப்பு எண் கருப்பு வெள்ளையில் கைவைப்பது நல்லது. நாரிழைத் தாளில், சாயத்துக்குப் பதில் வெள்ளியால் படம் பதிந்த பிரின்ட் சாய மங்கலுக்கு அப்பாற்பட்டது, விலையும் குறைவு. அப்பல்லோ 15, 16, 17 கலங்களின் பக்க அறையில் இருந்த வரைபடக் கேமரா, அகலக் கேமரா இவற்றின் பிரின்ட்களையும் பாருங்கள். அகலக் கேமராவின் ஒரு ஃபிரேம் மூலத்தில் 11.4 சென்டிமீட்டர் அகலம், சுமார் 115 சென்டிமீட்டர் நீளம். பூமிக்குத் திரும்பும் வழியில் ஒரு வீரர் வெளியே ஊர்ந்து சென்று அந்த ஃபிலிம் பெட்டிகளை எடுத்துவந்தார். மனிதர் யாரும் படத்தில் இல்லாததால் கூட்டம் இந்தப் பக்கம் வருவதில்லை.

தபாலில் வரும்போது சுருட்டி அனுப்ப விடாதீர்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள பழைய தாள் சுருட்டினால் வெடிக்கும், அந்த வெடிப்பு நிரந்தரம். பாலியெஸ்டர் உறைக்குள் பிரின்ட். இருபுறமும் அதைவிட ஒவ்வொரு பக்கமும் 3 சென்டிமீட்டர் பெரிய அட்டைகள். ஒரு அட்டையின் நெளிவுக்கோடு நெடுக்கிலும் மற்றதன் கோடு குறுக்கிலும் ஓட வேண்டும். அப்போதுதான் எந்தப் பக்கமும் வளையாது. டேப் உறையில் படக் கூடாது, அட்டையில் மட்டும்.

வைக்கும் இடம்தான் நம் ஊரில் பெரிய சவால். சென்னை மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் பிரின்ட்டின் மேல் உள்ள ஜெலட்டின் படலம் பிசுபிசுக்கும். எதன்மேல் அழுந்தியிருக்கிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியோடு நேரடியாகத் தொட்டபடி ஃபிரேம் போட்ட படங்கள் சேதமாவது பெரும்பாலும் இப்படித்தான். ஒட்டிவிட்டால் பிய்க்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே, பழைய படங்களைப் பராமரிக்கும் நிபுணரிடம் கொடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய மர அலமாரி வேண்டாம்: சுவரிலிருந்து ஈரம், மரத்திலிருந்து அமில ஆவி. பாச்சை உருண்டையும் வேண்டாம். அதன் ஆவி உறைக்குள் படிகமாகப் படியும். கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் மின்சார டிரை கேபினட் இதற்குக் கச்சிதம். ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்கு வைத்தால் போதும். உறை பாலியெஸ்டர் அல்லது பூச்சில்லாத பாலிப்ரொப்பிலீன். புதுச் செருப்பு வாடை அடிக்கும் பிவிசி ஆல்பத்தை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். பஞ்சு பூத்ததுபோல் பூஞ்சை தெரிந்தால் ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, ஜெலட்டினே கையோடு வந்துவிடும். தனியாகப் பிரித்து, உலர்ந்த பெட்டியில் சில நாள் விட்டு, பிறகு மென்தூரிகையால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டிவிடுங்கள்.

வண்ணப் பிரின்ட்டின் ஆயுளை உண்மையாகவே நீட்டுவது குளிர் ஒன்றுதான். வீட்டுக் குளிர்பெட்டியும் உதவும். உறையிட்ட பிரின்ட்டை அட்டையோடு சேர்த்து, ஜிப் வைத்த கெட்டிப் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, அதை இன்னொரு பையில் போட்டு மூடுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை, அதாவது ஓர் இரவு, அப்படியே விட வேண்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த பிரின்ட்டில் காற்றின் ஈரம் முத்து முத்தாக இறங்கிவிடும். பனிச் சொம்பு வியர்ப்பதுபோல்தான்.

ஒவ்வொன்று வந்ததும் முன்னும் பின்னும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் எடுத்து, எண், தாளின் வாசகம், மில்லிமீட்டரில் அளவு, முத்திரை, பழுதுகள், எங்கிருந்து வந்தது, தேதி, விலை எல்லாவற்றையும் ஒரு அட்டவணையில் பதியுங்கள். பின்புறத்தில் எதையும் எழுத வேண்டாம். பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் வரை தழும்பு எழும்பும், பிளாஸ்டிக் பூச்சில் பென்சில் பிடிக்காது. குறிப்பு உறையின் மேல் ஒட்டும் சீட்டில் இருக்கட்டும்; சீட்டை ஒட்டிய பிறகு பிரின்ட்டை உள்ளே போடுங்கள்.

சுவரில் மாட்ட ஆசையாகத்தான் இருக்கும். பழைய பிரின்ட்டை மாட்டினால் வெளிச்சம் சில ஆண்டுகளில் மிச்சச் சாயத்தையும் தின்றுவிடும். இலவச ஸ்கேனை இறக்கி, நல்ல ஆய்வகத்தில் புதிதாகப் பிரின்ட் போட்டு மாட்டுங்கள்; உங்களிடம் உள்ள பழையதைவிட அது கூர்மையாகவே இருக்கும். அதன் பின்னால் மட்டும் அழியாத மையில் ‘மறுபிரதி’ என்றும் போட்ட ஆண்டையும் பெரிதாக எழுதிவிடுங்கள். இருபது வருடம் கழித்து அது யார் கைக்கு, எந்த விலைப்பட்டியலுக்குப் போகும் என்று சொல்ல முடியாது.